அலாஸ்காவா, நமீபியாவா, ஏற்காடா: பெரிய விலங்கைத் தேடிக் கிளம்பும் முன்

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு வேட்டைக்குப் போக எந்த ஊர் நல்லது என்று என்னிடம் கேட்பவர்கள் வருஷத்துக்கு மூன்று நான்கு பேராவது இருக்கிறார்கள். நான் வேட்டைக்காரன் கிடையாது. அலாஸ்காவில் இருக்கும் மச்சான் (மனைவியின் அண்ணன்) ஒரு செப்டம்பரில் மூஸ் (அகன்ற கொம்புள்ள பெரிய மான்) அடிக்கப் போனபோது கூடவே போய்க் கறி சுமந்துவிட்டு வந்தேன், அந்தப் போட்டோ சொந்தக்காரர்கள் செல்போனெல்லாம் சுற்றியதில் எனக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசியாகக் கேட்டவர் ஆத்தூர்க்காரர், ஐம்பத்தெட்டு வயது, ரிடையர்மெண்ட் பணம் வந்திருக்கிறது, முழங்காலில் கொஞ்சம் வலி. அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். "நம்ம பக்கமே ஒரு தோட்டம் இருக்கு, ராத்திரி ஜீப்ல போனா பன்னி, மான் எல்லாம் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. காட்டெருமை முதல் அட்டவணையில் இருக்கிறது, அதில் கை வைத்தால் 3 முதல் 7 வருஷம் சிறை. சுட்டால்தான் குற்றம் என்றும் நினைக்க வேண்டாம், கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை போட்டு இழுப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது வரை சட்டத்தின் வரையறையில் வேட்டைதான். பயிரை நாசம் செய்யும் பன்றிகளுக்குத் தமிழக அரசு ஒரு வழி கொடுத்திருக்கிறதே என்று கேட்பார்கள். அது காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ. தாண்டி வருகிற பன்றிகளை வனத்துறை ஆட்களே சுடுவதற்கு, உங்களுக்கும் எனக்கும் அல்ல.

ஆக மிச்சம் இருப்பது மூன்று வழி. அலாஸ்கா மாதிரி ஆளே இல்லாத காட்டில் மூஸ் வேட்டை. ஆப்பிரிக்காவின் நமீபியாவில் பண்ணை அல்லது சமூகக் காட்டில் குடு, ஓரிக்ஸ் என்ற மான் வகைகளின் வேட்டை. மூன்றாவது, துப்பாக்கியே இல்லாமல் கேமராவோடு ஏற்காடு, முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் போய் பெரிய விலங்கைத் தேடுவது. மூன்றாவதை ஆறுதல் பரிசாகச் சேர்த்திருப்பதாக நினைக்காதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் பணத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு முதல் கேள்வி வேறு: உங்களுக்கு வேண்டியது துப்பாக்கியை அழுத்தும் அந்த ஒரு நொடியா, ஆள் அரவம் இல்லாத காடா, இல்லை அந்த விலங்கை நேருக்கு நேர் பார்ப்பதா? மூன்றும் ஒரே பயணத்தில் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கிடைப்பதில்லை. இதில் எது உங்களுடையது என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு வந்த மாதிரி.

அப்புறம் மற்றவை. விளம்பரத்தில் போடாத செலவு எவ்வளவு. உடம்பு தாங்குமா. அனுமதிகளும் காகிதமும் எத்தனை. வானிலை கெட்டால் எத்தனை நாள் போகும். விலங்கு விழுந்த பிறகு அந்தக் கறியும் கொம்பும் என்ன ஆகும், இதை யாருமே யோசிப்பதில்லை.

## அலாஸ்கா: காடு நிஜம், சுமையும் நிஜம்

"மச்சான் அங்கதானே இருக்கார், அவரே கூட்டிட்டுப் போயிடுவார்" என்ற எண்ணம்தான் எல்லோருக்கும் முதலில் வருகிறது, எனக்கும் வந்தது. நடக்காது. அமெரிக்கக் குடிமகனாக இல்லாத வெளிநாட்டவர் அலாஸ்காவில் எந்தப் பெரிய விலங்கை வேட்டையாடினாலும் அந்த மாநில உரிமம் பெற்ற வழிகாட்டி நேரில் கூடவே இருந்தாக வேண்டும். சொந்தக்காரர் கூட்டிப் போகலாம் என்ற சலுகை அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான். அதனால்தான் நான் துப்பாக்கியைத் தொடவே இல்லை, மூட்டை மட்டும் தூக்கினேன்.

வழிகாட்டியோடு போகும் மூஸ் வேட்டைக்கு 20,000 முதல் 30,000 டாலர் வரை கேட்கிறார்கள். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலே குறைந்தது 17 லட்சம். இதற்கு மேல் வெளிநாட்டவருக்கான வேட்டை உரிமம் 630 டாலர், மூஸ் டேக் (சுட்ட விலங்கில் மாட்ட வேண்டிய அனுமதி வில்லை) 1,000 டாலர். சென்னையிலிருந்து ஆங்கரேஜ் போய் வர விமான டிக்கெட், விசா, ஆங்கரேஜில் ஹோட்டல், மழைக்கான உடுப்பு, வழிகாட்டிக்கும் சமையல்காரருக்கும் கொடுக்கும் டிப்ஸ். இந்த டிப்ஸை யாரும் முதலில் சொல்வதில்லை, கடைசி நாள் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்க்கும்போதுதான் தெரியும்.

காட்டுக்குள் இறங்குவது குட்டி விமானத்தில். எடைக் கட்டுப்பாடு கடுமை, ஆளுக்கு 20 கிலோ சொச்சம் சாமான்தான், அதுவும் சூட்கேஸ் கூடாது, மடங்குகிற பை. இன்னொரு சட்டமும் இருக்கிறது, நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன்: விமானத்தில் வந்திறங்கிய அன்றைக்கே மூஸைச் சுடக் கூடாது, மறுநாள் விடியற்காலை 3 மணி வரை பொறுக்க வேண்டும். மேலே பறந்தபடி விலங்கைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இறங்கிச் சுடுவதைத் தடுக்கத்தான்.

நாங்கள் இருந்தது ஒன்பது நாள். அதில் ஆறு நாள் மழையில் ஒரு மேட்டில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். மச்சான் காலையும் மாலையும் ஒரு பழைய தோள்பட்டை எலும்பை எடுத்து வில்லோ புதரில் வறட் வறட் என்று தேய்ப்பார், தென்னை மட்டையைச் சிமெண்ட் தரையில் இழுத்துப் போகிற மாதிரி இருக்கும் சத்தம். இன்னொரு கடா கொம்பைத் தேய்க்கிறது என்று நினைத்துச் சண்டைக்கு மூஸ் வருமாம். ஏழாம் நாள் வந்தது. முதலில் தெரிந்தது விலங்கே இல்லை, புதருக்கு மேலே ஈரமாக மின்னிய இரண்டு வெளிர் தட்டுகள், அது கொம்பு என்று புரியவே எனக்கு நேரம் பிடித்தது. மச்சான் சுடவில்லை, பைனாகுலரில் பார்த்துக்கொண்டே இருந்தார். பல பகுதிகளில் வெளியாட்கள் சுட வேண்டுமென்றால் கொம்பு 50 அங்குலம் விரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நெற்றிப் பக்கத்து முனைகள் இத்தனை இருக்க வேண்டும் என்று கணக்கு. தப்பாக எடை போட்டுச் சுட்டால் அபராதம், கொம்பும் போகும், கறியும் போகும். உள்ளூர்க்காரர்களுக்கும் அந்தந்தப் பகுதிக்கு ஒரு விதி உண்டு என்பதால் அவர் எண்ணி முடிக்கும் வரை எனக்கு மூச்சு விடவே பயம்.

சுட்டது ஒரு நிமிஷம். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். பெரிய கடா ஒன்று 700 கிலோவைத் தொடும், சாப்பிடக்கூடிய கறி மட்டும் 200 கிலோவுக்கு மேல் வரும். அதில் ஒரு துண்டைக்கூட காட்டில் விடக் கூடாது, விட்டால் குற்றம். கொம்பை முதலில் முகாமுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளவும் முடியாது, கறி வெளியேறிய பிறகோ அதனுடன் சேர்த்தோதான். ஒரு பின்னங்கால் ஐம்பது கிலோ அரிசி மூட்டைக்கு மேல் இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்குகிற அண்ணன்கள் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்து, அது ஒரு விஷயமா என்று நினைத்தவன் நான். அவர்களுக்காவது காலடியில் ரோடு. இங்கே காலடியில் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கும் பாசி, அதில் தலையணை தலையணையாகப் புல்திட்டு, மேலே வைத்தால் சறுக்கும், இடையில் வைத்தால் முழங்கால் வரை தண்ணீர். ஒன்றரை கிலோமீட்டர் தூரம், இரண்டு பேர், ஒன்றரை நாள். இரண்டாம் நடையில் திரும்பிப் போனபோது குடல் குவியலைக் கரடி ஒன்று இழுத்துப் போயிருந்தது, தரையில் உழுத மாதிரி தடம். அதற்கப்புறம் சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தோம்.

அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ஈரலை வெட்டி வதக்கினோம். மனைவி கட்டிக் கொடுத்த ஏற்காட்டு மிளகு இருந்தது, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய கொடியின் மிளகு. வாழ்நாளில் நான் சாப்பிட்டதில் முதல் மூன்றுக்குள் அது வரும். விமானம் வர இரண்டு நாள் தாமதம், மேகம் இறங்கிவிட்டது. சென்னை டிக்கெட்டை மாற்றியதற்குத் தனியாகக் கட்டினேன், இதுவும் கணக்கில் வராத செலவு.

இது யாருக்குச் சரி? காடுதான் வேண்டும், உடம்பு நன்றாக இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு நாள் போனாலும் வெறுங்கையோடு திரும்பினாலும் பரவாயில்லை என்பவருக்கு. சுமார் 20 லட்சம் போட்டும் ஒரு தோட்டா வெடிக்காமல் திரும்பலாம், அதைத் தாங்குகிற மனசு இருந்தால் மட்டும். அங்கே சொந்தம் இருந்தால் என்னை மாதிரி சுமைகூலியாகப் போவது இன்னும் உத்தமம், டிக்கெட்டும் பூட்ஸும்தான் செலவு, காடு முழுசாகக் கிடைக்கும்.

## நமீபியா: துப்பாக்கிக்கு வாய்ப்பு அதிகம், வேலியைக் கேளுங்கள்

இங்கே நான் போனதில்லை. ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போய் வந்தார், அவர் பில்லை எனக்குக் காட்டினார், அதை வைத்தும் படித்ததை வைத்தும் சொல்கிறேன்.

விலை கட்டும் முறையே வேறு. ஒரு நாளுக்கு இவ்வளவு என்று தங்கல், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரு தொகை. அதற்கு மேல் ஒவ்வொரு விலங்குக்கும் தனிக் கட்டணம். குடுவுக்கு ஒன்று, ஓரிக்ஸுக்கு ஒன்று, காட்டுப் பன்றிக்கு ஒன்று, கிட்டத்தட்ட மெனு கார்டுதான். ஏழு நாள், நான்கைந்து விலங்கு என்றால் 4,000 முதல் 8,000 டாலருக்குள் முடித்துவிடலாம், விமான டிக்கெட் தனி. அலாஸ்கா வழிகாட்டிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. தனியார் பண்ணைகளில் சீசன் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை, வழிகாட்டி அங்கே பதிவு பெற்ற ஆளாக இருக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், புல் காய்ந்து கிடக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். பகலில் நம் மார்கழி வெயில், ராத்திரி சில இடங்களில் தண்ணீர் உறையும் குளிர்.

மறைந்திருக்கும் செலவு ஒன்றை நண்பர் கசப்போடு சொன்னார். ரத்தம் ஒரு சொட்டு விழுந்தால் விலங்கு உங்களுடையது, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். அவர் ஓரிக்ஸ் ஒன்றைப் பின்பக்கமாக அடித்துவிட்டார், தடம் பார்க்கிறவர்கள் சாயங்காலம் வரை தேடினார்கள், கிடைக்கவில்லை, முழுக் கட்டணம். பணத்தைவிட அது எங்கோ கிடந்து சாகிறது என்பதுதான் அவருக்கு ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது. இது பழக்கக் குறைவால் வருவது. இங்கே ரைஃபிள் கிளப்பில் பத்து மீட்டரில் காற்றுத் துப்பாக்கி சுட்டுப் பழகிவிட்டு, அங்கே மூன்று கால் குச்சியில் துப்பாக்கியைச் சாய்த்து நின்றபடி 150 மீட்டரில் உயிருள்ள ஒன்றைச் சுடுவது வேறு. பின்னுதைப்பில் ஸ்கோப் புருவத்தில் அடித்து அவருக்கு நாலு தையல் வேறு. முதல் இரண்டு நாளைச் சுட்டுப் பழக மட்டும் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள், துப்பாக்கியை அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

இன்னொரு கேள்வியை முன்பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும்: இடத்துக்கு உயர வேலி உண்டா, எத்தனை ஹெக்டேர்? நமீபியாவில் நிறைய வேட்டை தனியார் பண்ணைகளில் நடக்கிறது, சிலவற்றில் விலங்கு தாண்ட முடியாத வேலி. சின்ன இடமாக இருந்தால் அது காடு கிடையாது, பெரிய பட்டி. இதற்கு மாற்றாக சமூகக் காப்புப் பகுதிகள் இருக்கின்றன. 1996 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஊர் மக்களே நடத்துபவை, இன்று 80க்கும் மேல். அங்கே வேட்டைப் பணத்தில் ஒரு பங்கு ஊருக்குப் போகிறது, கறி ஊர்ச் சட்டிக்குப் போகிறது. தூரம் அதிகம், வசதி குறைவு, ஆனால் காட்டுக்கு நெருக்கம் அதுதான்.

இது யாருக்குச் சரி என்றால், சுட்டே ஆக வேண்டும் என்பவருக்கு, ஒரு வாரம்தான் லீவு என்பவருக்கு, ராத்திரி சுடுதண்ணீரும் கட்டிலும் வேண்டும் என்பவருக்கு. முழங்கால் வலிக்கும் ஒத்துவரும், ஜீப் பாதி தூரம் போகும்.

## கொம்பு வீட்டுக்கு வருமா?

இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே பதில்: வராது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பதப்படுத்தும் கூலி, கப்பல் கூலி என்று அங்கே தனி பில் நீளும். அது முடிந்தால், காட்டு விலங்கின் பாகங்களை இந்தியாவுக்குள் கொண்டுவருவதற்கு இருக்கிற இறக்குமதித் தடையும் கஸ்டம்ஸும் காத்திருக்கும். கறி அதைவிட மோசம், மூஸ் கறி இன்னும் மச்சான் வீட்டு ஃப்ரீஸரில்தான் கிடக்கிறது. போட்டோவோடு திரும்பத் தயாரில்லை என்றால் கிளம்பாதீர்கள்.

இதே இடத்தில் ஒன்று. ஏற்காட்டில் பழைய எஸ்டேட் பங்களா வாங்குபவர்கள் ஹாலில் தொங்கும் காட்டெருமைத் தலையையும் சேர்த்துப் பேரம் பேசுகிறார்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்த நாளிலிருந்து எத்தனையோ துரைமார்கள் இங்கே இருந்திருக்கிறார்கள், சுவரில் கொம்பு இருப்பதில் ஆச்சரியமில்லை. அதற்கு உரிமைச் சான்றிதழ் இருந்தாலும் வாரிசாக மட்டுமே கைமாறும், விலைக்கு வாங்க முடியாது. தலையை விற்பவரிடமே விட்டுவிடுங்கள்.

## ஏற்காடு, முதுமலை, சத்தி: துப்பாக்கி இல்லாமல்

காட்டெருமைக் கடா ஆயிரம் கிலோ வரை வளரும். மூஸைவிடப் பெரிது. இதைப் பார்க்க ஆங்கரேஜ் போக வேண்டாம், அஸ்தம்பட்டி தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போதும். நம் ஊர் ஆட்கள் வீட்டு வாசலில் இருப்பதை மதிப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆத்திரம்.

ஒரு ஏப்ரல் மாதம், தெரிந்தவர் எஸ்டேட்டில், காலை ஐந்தே முக்கால். பனி முழுசாக விலகவில்லை. மேஸ்திரி கையைப் பிடித்து நிறுத்தினார், "சார், மாடு" என்று உதட்டை மட்டும் அசைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காபிச் செடிகளுக்கு மேலே கறுப்பாக ஒரு பாறை இருந்தது, அந்தப் பாறை பெருமூச்சு விட்டது. முப்பது அடிகூட இருக்காது. கீழே செடிச் சந்தில் வெள்ளை சாக்ஸ் போட்ட நாலு கால். நாங்கள் அடி அடியாகப் பின்வாங்கினோம். கேமரா கழுத்தில்தான் தொங்கியது, அதை எடுக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. அலாஸ்காவில் கொம்பைப் பார்த்தபோது வந்ததைவிட நெஞ்சு வேகமாக அடித்தது. அங்கே என் பக்கத்தில் துப்பாக்கி இருந்தது.

அதனால் இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். காபி பறிக்கப் போனவர்களை மாடு முட்டிய செய்தி மலையில் புதிது கிடையாது. எஸ்டேட் தனியார் நிலம், சொந்தக்காரரின் அனுமதியும் வழி தெரிந்த உள்ளூர் ஆளும் இல்லாமல் நுழையாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைத்தால் 1882 வனச் சட்டத்தில் வழக்கு. போட்டோவுக்காக உப்பு, பழம் வைத்து இழுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று மேலேயே சொல்லியாயிற்று.

கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் முதுமலை. சேலத்திலிருந்து ஆறேழு மணி நேரம், தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் சவாரி. யானை, காட்டெருமை அநேகமாகத் தென்படும், புலி அதிர்ஷ்டம். சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமானது, 1,400 சதுர கி.மீ. சொச்சம், கூட்டம் குறைவு. நடக்க ஆசைப்படுபவர்களுக்கு அரசின் ட்ரெக் தமிழ்நாடு திட்டம் இருக்கிறது, 2024இல் 40 பாதைகளோடு தொடங்கியது, வழிகாட்டி கூட வருவார். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீ காலம், பாதைகளை மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்கு அப்புறம் இதில் யாரும் முணுமுணுக்கக் கூடாது.

மறைந்த செலவு இங்கேயும் உண்டு. லென்ஸ். சாதாரண கேமராவில் யானை எறும்பாகத் தெரியும், ஒரு நல்ல லென்ஸ் வாங்கினால் நமீபியா டிக்கெட் விலை. கல்யாண போட்டோ எடுப்பவர்களிடம் வாடகைக்குக் கேளுங்கள். மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏற்காட்டில் அறை வாடகையும் ஹாரன் சத்தமும் எகிறும், அந்த வாரம் மாடு எதுவும் ரோட்டோரம் வராது. ஒரே தடவை போய்ப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்ல" என்று திரும்புவதுதான் பெரிய நஷ்டம். நான்கு தடவை போனால்தான் ஒரு நல்ல காலை கிடைக்கும்.

| | அலாஸ்கா | நமீபியா | ஏற்காடு, முதுமலை |
|---|---|---|---|
| மொத்தச் செலவு | 20 லட்சத்துக்கு மேல் | 6 முதல் 10 லட்சம் | ஆயிரங்களில், லென்ஸ் தனி |
| நாட்கள் | 2 முதல் 3 வாரம் | 10 நாள் | வார இறுதி, ஆனால் பல தடவை |
| உடம்பு | கடுமை | நடுத்தரம் | உங்கள் இஷ்டம் |
| வெறுங்கையோடு திரும்ப வாய்ப்பு | நிறைய | குறைவு | முதல் தடவை நிறைய |
| காடு | முழுசாக | வேலியைப் பொறுத்தது | பக்கத்தில் ரோடு கேட்கும் |
| எதிர்பாராத பில் | வானிலை, டிப்ஸ் | காயப்பட்ட விலங்கு | லென்ஸ், அறை |

## ஆத்தூர்க்காரருக்குச் சொன்னது

அவரிடம் நான் முதலில் கேட்டது, கடைசியாக ஒரு கோழியை நீங்களே அறுத்தது எப்போது என்று. ரொம்ப நேரம் யோசித்தார். சின்ன வயசில் முயல் பிடித்த கதையைச் சொன்னார், சொல்லும்போது அவர் கண் மின்னியது முயலுக்காக இல்லை, ராத்திரி அப்பாவோடு டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் நடந்ததற்காக. உங்களுக்கு வேண்டியது காடுதான் சார் என்றேன். முழங்காலுக்கு அலாஸ்கா ஆகாது. நமீபியாவுக்குப் பணம் இருக்கிறது, இப்போதைக்கு வேண்டாம், முதலில் ஏற்காட்டில் நாலு காலை, அப்புறம் முதுமலையில் மூன்று நாள். அதற்குப் பிறகும் விரல் துடித்தால் நமீபியாவுக்கு எழுதிக் கேட்கலாம். வேலி, ஹெக்டேர், காயப்பட்ட விலங்குக்கு என்ன கட்டணம், முன்பணம் திரும்பக் கிடைக்குமா, கறி எங்கே போகிறது, இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் தராத ஆளுக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

அலாஸ்காதான் என்று முடிவு செய்தவர்கள் இன்றைக்கே விசாவில் ஆரம்பியுங்கள். நல்ல வழிகாட்டிகளுக்கு செப்டம்பர் சீசன் ஒன்றிரண்டு வருஷம் முன்னாலேயே நிரம்பிவிடும். காத்திருக்கும் அந்த வருஷத்தில் முதுகில் இருபது கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு நாள் சேர்வராயன் கோயில் மேட்டில் ஏறி இறங்குங்கள், பூட்ஸும் பழகும்.